பெருவில் ஒரே ஒரு பகல்: சான் சான் மண் நகரத்துக்கு வழிகாட்டியோடு போகலாமா?

கடல்காற்று:

வணக்கம். அடுத்த மாதம் வீட்டுக்காரருக்கு லிமாவில் ஒரு வார வேலை. நானும் அம்மாவும் பத்து வயதுப் பையனும் கூடவே தொற்றிக்கொள்கிறோம். பெரு என்று சொன்னதும் எல்லாரும் மச்சு பிச்சுவைத்தான் கேட்கிறார்கள். அங்கே போக முடியாது. அம்மாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தம் உண்டு, போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே போகும் வழியில் உள்ள குஸ்கோ 3,400 மீட்டர் உயரம் என்றதும் டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். "எனக்காக நீங்கள் எதற்கு விடணும், நான் ரூமில் கிடக்கிறேன்" என்று அம்மா சொல்லி, அதில் ஒரு நாள் சண்டை வேறு.

சரி, கடல் மட்டத்திலேயே ஏதாவது பழைய இடம் இருக்கிறதா என்று தேடினேன். வடக்கே ட்ருஹியோ, அதன் பக்கத்தில் சான் சான் என்ற மண் நகரம் கிடைத்தது. லிமாவிலிருந்து காலையில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம், இரவு திரும்பிவிடலாம். ஓர் ஏஜென்சிக்கு எழுதினேன். ஒரே நாளில் ஐந்து இடம், மதிய உணவு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி என்று அட்டவணை வந்திருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

இந்தக் குழுவோடு சேரலாமா, தனியாக வண்டி பிடித்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு முட்டி வலியும் உண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார். நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். அப்புறம், படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் "மண் சுவரைப் பார்க்கவா பிளேன் ஏறணும்" என்கிறார். அவருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பாதிவழி:

உங்கள் வீட்டுக்காரர் பக்கம் ஒரு ஓட்டு. இதயத்தில் ஸ்டென்ட், முட்டியில் வலி, கையில் பத்து வயதுப் பையன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு நாளில் இரண்டு விமானம் எதற்கு? லிமாவுக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் பச்சகாமாக் இருக்கிறது. அரை நாள் போதும்.

அது குறி கேட்கும் கோயில். ஸ்பானியர்கள் வரும்வரை பெருவை ஆண்ட இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கி, நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் நடந்து வந்து விரதம் இருந்து குறி கேட்டுப் போயிருக்கிறார்கள். பூமி அதிர்ச்சிக்கும் அந்தச் சாமிதான் பொறுப்பு. இன்காக்கள் வந்தபோது அந்தக் கோயிலை இடிக்கவில்லை, பக்கத்திலேயே உயரமாக ஒரு சூரியன் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். 1533-ல் ஸ்பானியப் படைத்தலைவர் ஹெர்னாண்டோ பிசாரோ தங்கம் தேடி வந்து கருவறைக்குள் நுழைந்தால், இருட்டில் ஒரு மரக்கட்டைதான் நின்றது. ஆளுக்கு ஏக ஏமாற்றம். 1938-ல் அங்கே கிடைத்த செதுக்கிய மரத்தூணை அங்குள்ள மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள், இரண்டு ஆள் முகம் இரு பக்கமும் பார்க்கிற மாதிரி. வண்டி வளாகத்துக்குள்ளேயே போகும். மேலே ஏறினால் பசிபிக் தெரியும். போன சோர்வு தெரியாமல் திரும்பிவிடலாம்.

சொட்டுநீர்:

பச்சகாமாக்கும் நல்ல இடம்தான், பாதிவழி சொன்னதில் தப்பில்லை. ஆனால் கேள்வி சான் சான் பற்றி. அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நான் ட்ருஹியோவில் இரண்டரை வருடம் இருந்தவன். சுற்றுலாத் தொழில் இல்லை, சொட்டுநீர்ப் பாசனம். சாவிமோச்சிக் என்று அங்கே ஒரு பெரிய பாசனத் திட்டம். சாவோ, விரு, மோச்சே, சிகாமா என்ற நாலு பள்ளத்தாக்குகளின் பெயரை வெட்டி ஒட்டிய பெயர் அது. சாந்தா ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் பாலைவனத்துக்குக் கொண்டுவந்து அஸ்பாரகஸும் அவகாடோவும் புளூபெர்ரியும் விளைவிக்கிறார்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சான் சானுக்குக் கூட்டிப்போவது என் தலையில் விழும். பதினைந்து தடவையாவது போயிருப்பேன்.

முதல் தடவை மட்டும் உங்களுக்கு வந்ததுபோலவே ஓர் அட்டவணையை நம்பிப் போனேன். ஐந்து இடம். ஒவ்வொரு ஓட்டலாக நின்று ஆள் ஏற்றியதிலேயே ஒரு மணி நேரம் போனது. வழிகாட்டி நல்ல பெண்மணி, ஆனால் ஸ்பானிஷில் பத்து நிமிடம் பேசிவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம்தான். ஸ்பானிஷ்காரர்கள் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு எங்களுக்கு வந்தது "இது முக்கியமான சுவர்". மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடனத்தோடு ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஒரு கைவினைக் கடையில் அரை மணி நேரம். சான் சான் வாசலுக்கு வந்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. காவலர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பேரரசின் தலைநகரத்தை முப்பத்தைந்து நிமிடத்தில் ஓடிக் கடந்தேன்.

ஆகவே முதல் விஷயம், ஐந்து இடம் வேண்டாம். இரண்டும் ஒரு கடற்கரையும் போதும். காலையில் வாக்கா டே லா லூனா, அதாவது நிலாக் கோயில். மதியத்துக்கு மேல் சான் சானில் நிக் ஆன் அரண்மனை. சாயங்காலம் வான்சாக்கோ கடற்கரை. விமான நிலையம் வான்சாக்கோ பக்கத்திலேயே இருக்கிறது, ஆகவே இந்த வரிசையில் போனால் வண்டி திரும்பத் திரும்ப ஊரைச் சுற்றாது. மற்றபடி வாக்கா ஆர்கோ இரிஸ், எஸ்மெரால்டா என்ற இரண்டு கோயில்களும் சிறியவை. சான் சான் டிக்கெட்டிலேயே சேர்ந்து வருவதால்தான் ஏஜென்சிகள் "ஐந்து" என்று எண்ணிக்கை காட்டுகிறார்கள். விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது.

நாள் வாடகைக்கு ஒரு காரும், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஓர் ஆங்கில வழிகாட்டியும் பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் குழுக் கட்டணத்தைவிட ரொம்ப அதிகம் ஆகாது. நிலாக் கோயிலில் அங்கேயே உள்ள உள்ளூர் வழிகாட்டிகள்தான் கூட்டிப்போவார்கள், அது டிக்கெட்டோடு சேர்த்தி, முடிவில் ஏதாவது கொடுத்தால் போதும். அவர்கள் அந்தத் தோண்டும் இடத்தோடேயே வளர்ந்தவர்கள். நிக் ஆனில்தான் நீங்களாகக் கூட்டிப்போகும் ஆள் தேவைப்படுவார். அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்து முடித்துவிடலாம், ஆனால் ஆள் இல்லாமல் போனால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுபோல மண் சுவர்தான் தெரியும்.

வழிகாட்டியைப் பேசும்போதே ஒன்றைக் கேட்டு வையுங்கள்: "எது பழசு, எது புதுசாகப் பூசியது என்று காட்டுவீர்களா?" நிக் ஆனில் பளிச்சென்று தெரியும் புடைப்புகளில் நிறைய மறுபடி செய்தவை. இது ஏமாற்று இல்லை. பழைய சுவரின் மேல் பாதுகாப்புக்குப் புதிய பூச்சு போட்டு அதே வடிவத்தை மேலே கொடுத்திருக்கிறார்கள். இதை மறைக்காமல் சொல்கிற ஆள் நல்ல வழிகாட்டி. "எல்லாம் ஆயிரம் வருடப் பழசு" என்கிறவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது வீட்டுக்காரருக்கு.

நிலாக் கோயில் மோச்சே மக்கள் கட்டியது, சான் சானுக்கும் முந்தியது. வெள்ளை மலை என்று பெயருள்ள, வெள்ளையாக இல்லாத ஒரு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் காற்று தின்ற மண்மேடு. உள்ளே போனால் வண்ணம்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை. சில தலைமுறைக்கு ஒரு முறை பழைய கட்டடத்தை இடிக்காமல் செங்கல்லால் நிரப்பி மூடிவிட்டு, அதன்மேல் அதேபோல் பெரிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெங்காயம் மாதிரி தோல்மேல் தோல். உள்தோலில் இருந்த சாயம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதை வெயிலே பார்க்கவில்லை. 1991-லிருந்து தோண்டுகிறார்கள். பெரிய முற்றத்தைப் பார்த்த சுவரில் படிப்படியாக வரிசைகள். கீழே கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் போகப்படும் நிர்வாணக் கைதிகள், அதற்கு மேல் கைகோத்து நிற்கிறவர்கள், அதற்கும் மேல் கத்தி பிடித்த சிலந்திகள். உங்கள் பையனுக்கு அந்தச் சிலந்தி போதும்.

எதிரே, இங்கேயும் ஒரு சூரியன் கோயில். அதில் ஏற விடமாட்டார்கள், தூரத்திலிருந்து பார்ப்பதுதான். 13 கோடிக்கும் மேல் சுடாத பச்சைச் செங்கல் என்று கணக்கு சொல்கிறார்கள். இப்போது நிற்பது மிச்சம்தான். 1602-ல் ஸ்பானியர்கள் உள்ளே தங்கம் இருக்கும் என்று, தோண்டச் சோம்பல்பட்டு, மோச்சே ஆற்றையே அதன்மேல் திருப்பிவிட்டார்கள். பாதிக்குமேல் கரைந்து போனது. தண்ணீர் வேலை செய்கிற எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும் இடம் அது. மண்ணுக்கு எது எமன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செங்கற்களில் குறி இருக்கும், பையனிடம் சொல்லி வையுங்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு, பாதம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள். எந்தக் கூட்டத்தார் எத்தனை செங்கல் போட்டார்கள் என்ற கணக்கு என்கிறார்கள். நம் செங்கல் சூளையில் முத்திரை குத்துவதுபோலத்தான்.

அடுத்தது சான் சான். சிமு அரசின் தலைநகர், சுமார் 1470-ல் இன்காக்கள் பிடிக்கும்வரை. இருபது சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடந்த ஊர், முழுக்க மண். ஒன்பது பத்து அரண்மனைகள் தனித்தனி மதிலோடு நிற்கின்றன. அரசர் இறந்ததும் அவரது அரண்மனை அவருக்கே சமாதியாகிவிடும், அடுத்தவர் தனக்குப் புதிதாகக் கட்டிக்கொள்வார் என்று ஒரு கருத்து. திறந்துவிட்டிருப்பது நிக் ஆன் ஒன்றைத்தான், முன்பு அதைச் சூடி அரண்மனை என்பார்கள். தரை சமம், படி குறைவு. உங்கள் அம்மாவால் நிதானமாக நடக்க முடியும்.

மதில் ஒன்பது மீட்டர் உயரம் வரை போகும், அடி அகலம், மேலே ஒடுக்கம். உள்ளே நுழைந்ததும் கடல் காற்றும் சத்தமும் அப்படியே நின்றுவிடும். சுவரில் மீன், கடற்பறவை, அலை, வலை. எல்லாம் கடல்தான். மீன்கள் ஒரு வரிசையில் இந்தப் பக்கமும் இன்னொரு வரிசையில் அந்தப் பக்கமும் நீந்தும். ஒன்று ஹம்போல்ட் குளிர் நீரோட்டம், மற்றது எல் நினோ சூடான நீரோட்டம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சிமுக்கள் நினைத்தது அதுதானா, யாருக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரின் தலையெழுத்து அந்த இரண்டில்தான் இருக்கிறது.

குளிர் நீரோட்டத்தால்தான் அந்தக் கரையில் மழை கிடையாது. சாதாரண வருடத்தில் அங்கே பெய்வதை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். மழை இல்லாததால்தான் மண்ணால் ஊர் கட்டினார்கள், அது இன்றுவரை நிற்கிறது. சூடான நீரோட்டம் வரும் வருடம் எல்லாம் தலைகீழ். 2017 மார்ச்சில் நான் அங்கே இருந்தேன். மேலே ஓடையில் வந்த சேற்றுவெள்ளம் அடுத்தடுத்துப் பல நாள் ட்ருஹியோ தெருக்களில் ஓடியது, நடுச் சதுக்கம் வரை வந்தது. நான் இரண்டாம் மாடியில் மூன்று நாள் பாட்டில் தண்ணீரில் குளித்தேன். பாசனக்காரன், ஊரெல்லாம் தண்ணீர், குழாயில் தண்ணீர் இல்லை. சான் சானில் சுவர்களுக்குமேல் தகரக் கூரையும் சாரமுமாக நிற்பதைப் பார்த்து அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் எழுதுவார்கள். அந்த மார்ச்சைப் பார்த்திருந்தால் எழுத மாட்டார்கள். 1986-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த அதே வருடம் ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்தது.

நிலாக் கோயிலிலும் இதே கதைதான். 1995-ல் அங்கே ஒரு முற்றத்தில் பலியிட்ட ஆண்களின் எலும்புகள் டஜன் கணக்கில் கிடைத்தன. பல உடல்கள் கெட்டிச் சேற்றுக்குள் இருந்தன. மழையே பெய்யாத ஊரில் சேறு என்றால் அது பெருமழை வருடம். வானத்தை நிறுத்தச் சொல்லிக் கொடுத்த பலி என்பது தோண்டியவர்களின் எண்ணம்.

நிக் ஆனில் கடைசிப் பக்கம் ஒரு பெரிய குளம் வரும். உள்ளே கோரை அடர்ந்து பச்சையாக இருக்கும். வெளியே பாலைவனம், நடுவில் இது. குளம் என்று நினைக்காதீர்கள், அது கிணறு. சிமுக்கள் நிலத்தடி நீர் வரை அகலமாக வெட்டி இறங்கியிருக்கிறார்கள். நான் எல்லாரையும் அங்கே பத்து நிமிடம் நிறுத்துவேன். மேட்டில் எங்களைப் போன்றவர்கள் பாசனம் செய்யச் செய்ய நிலத்தடி நீர் மேலே வந்தது. அது சுவரின் அடியில் ஏறி, காய்ந்து, உப்பாகப் பூத்து, செங்கல்லை மாவாக்கிவிடுகிறது. நீரை இறக்க வடிகால் வெட்டினார்கள். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் கோடு போனால் அது சுண்ணாம்பு இல்லை, இந்த உப்பு. பார்க்கலாம், தொடாதீர்கள். பழுது பார்க்கும் மண்ணில் ஒரு கள்ளியின் கொழகொழச் சாற்றைச் சேர்க்கிறார்கள், தண்ணீர் சீக்கிரம் ஏறாமல் இருக்க. நம் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்ததை நினைத்துக்கொண்டேன்.

கடல்காற்று:

சார், இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆற்றைத் திருப்பிவிட்ட இடத்தில் போனை வாங்கித் தானே படிக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது அவரும் ஒரு நாள் லீவு போடுகிறாராம்.

சில்லறைச் சந்தேகங்கள். நிலாக் கோயிலில் ஏற்றம் எவ்வளவு? சாப்பாட்டுக்கு என்ன செய்ய? சான் சான் வாசலிலிருந்து உள்ளே நடந்தே போகலாம் என்று ஒரு பயணக் குறிப்பில் படித்தேன், உண்மையா?

சொட்டுநீர்:

நடக்கவே வேண்டாம். நெடுஞ்சாலையில் பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து நிக் ஆன் வரை ஒன்றரை இரண்டு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் இடிந்த மண்சுவர், ஆள் நடமாட்டம் குறைவு. வழிப்பறி நடந்திருக்கிறது. வண்டி வாசல் வரை போய்க் காத்திருக்கட்டும். பொதுவாகவே கிளம்புமுன் ட்ருஹியோ செய்திகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பணம் பறிக்கும் கும்பல்களால் 2024-ல் அங்கே அவசரநிலையே அறிவித்தார்கள். பகலில், வண்டியோடு, இந்த மூன்று இடங்களுக்கு வருகிற பயணிகள் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் இரவில் ஊருக்குள் அலைய வேண்டாம்.

நிலாக் கோயிலில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து மண் சரிவில் மேலே ஏற வேண்டும். அப்புறம் சாய்தளமும் படியுமாக ஏறி இறங்கி ஒரு மணி நேரம். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் கீழே உள்ள மியூசியத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மோச்சே பானைகள் அங்கேதான். முகம், மிருகம், நோயாளி என்று எல்லாம் பானையாக இருக்கும். அதைப் பார்த்தாலே பாதி நாள் போகும்.

சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. "கார்னே" வேண்டாம் என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கோழியைப் போட்டுக் கொடுப்பார்கள். அவர்களுக்குக் கோழி கார்னே இல்லை. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ", அதாவது இறைச்சி, கோழி, மீன் வேண்டாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். ட்ருஹியோவில் திங்கட்கிழமை என்றால் ஷாம்பார் என்று கோதுமையும் பயறும் போட்ட கெட்டிச் சூப், மணம் தூக்கும். ஆனால் அதில் பன்றி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். பாப்பா ஆ லா வான்காயினா கேளுங்கள், உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றி, முட்டை வைத்துத் தருவார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது சீஃபா, அங்கத்திய சீனக் கடை. முட்டை சௌஃபா, ஃப்ரைட் ரைஸ்தான். வறுத்த மக்காச்சோளம் ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும்.

மூட்டைமுடிச்சு:

பையனோடு போவதால் ஒன்று சேர்க்கிறேன். அங்கே முடி இல்லாத நாய்கள் திரியும். கறுப்பாக, மொழுக்கென்று, தலையில் மட்டும் நாலு முடி. முதலில் பார்த்தால் நோய் பிடித்த நாய் என்று நினைப்பீர்கள். அதுதான் பெருவின் நாட்டு இனம், மோச்சே பானைகளிலேயே இருக்கிறது. 2001-ல் அதை நாட்டின் மரபுச் சொத்து என்று சட்டம் போட்டு, கடலோரத் தொல்லியல் இடங்களில் வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முடி இல்லாததால் தொட்டால் வெந்நீர்ப் பை மாதிரி சூடாக இருக்கும். மூட்டு வலிக்காரர்கள் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வது அங்கே பழைய கைவைத்தியம்.

சொட்டுநீர் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நாங்கள் நிலாக் கோயிலை விட்டுவிட்டு வடக்கே அறுபது கிலோமீட்டரில் எல் புரூஹோ போனோம். அங்கே 2005-ல் ஒரு மோச்சே பெண்ணின் உடல் கிடைத்தது, காவோ சீமாட்டி என்கிறார்கள். இருபதுகளில் இறந்தவர், கையெல்லாம் பாம்பும் சிலந்தியுமாகப் பச்சை குத்தியிருக்கிறது. கூட ஆயுதங்கள், செங்கோல். அதற்கு முன்வரை அந்தப் பக்கத்தில் ஆண்கள்தான் ஆண்டார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கண்ணாடிமுன் கால் மணி நேரம் நின்றாள். கூட்டமே இல்லை.

சொட்டுநீர்:

எல் புரூஹோ பற்றிச் சொன்னது சரி. இரண்டு நாள் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஒரு நாளில் சேர்த்தால் மறுபடி அந்த முப்பத்தைந்து நிமிடக் கதை ஆகிவிடும்.

கடல்காற்று:

போய்விட்டு வந்துவிட்டோம். கேட்டதற்குப் பதில் சொன்னவர்களுக்கு எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

லிமாவில் காலை விமானம் பனிமூட்டத்தில் ஒரு மணி நேரம் தாமதம். ஐந்து இட அட்டவணையில் சேர்ந்திருந்தால் அன்றைக்கே தொலைந்திருப்போம். தனி வண்டி என்பதால் டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்தார். வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம். பழசு புதுசு கேள்வியைப் போனிலேயே கேட்டேன். கொஞ்சம் நிறுத்தி, "சிரமமான கேள்வி கேட்கிறீர்கள், காட்டுகிறேன்" என்றார். காட்டவும் செய்தார். நிக் ஆனில் ஒரு சுவரின் கோடியில் கை அகலத்துக்குப் பழைய பூச்சு தெரியும்படி விட்டிருந்தார்கள். புதியதில் மீனின் வயிறு அச்சில் வார்த்ததுபோல் வழுவழு. பழையதில் யாரோ விரலால் அழுத்தி இழுத்த தடம். வீட்டுக்காரர் அதை மட்டும் பதினோரு படம் எடுத்திருக்கிறார். மண் சுவர் என்று நான் ஒரு தடவைதான் சொல்லிக் காட்டினேன்.

பையன் நிலாக் கோயிலில் செங்கல் குறிகளை நோட்டில் வரைந்துகொண்டே வந்தான், பதினேழு தேறியது. சிலந்தியைப் பார்த்துப் பயப்படுவான் என்று நினைத்தேன், "கத்தி எந்தக் காலில் பிடிச்சிருக்கு?" என்று வழிகாட்டியையே மடக்கினான்.

கிணற்றுப் பக்கம் அம்மா உட்கார்ந்துவிட்டார். "இது கோரைதானே" என்றார். டொட்டோரா என்று வழிகாட்டி சொன்னார். சாயங்காலம் வான்சாக்கோவில் அதே கோரையில் படகு கட்டிக்கொண்டிருந்தார் ஒரு மீனவர். அங்கே அதைக் குட்டிக் குதிரை என்கிறார்கள், குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து போவதால். நாலு கட்டு. பெரிய கட்டு இரண்டுக்குத் தாய் என்று பெயர், அதன்மேல் வைத்துக் கட்டும் சின்னக் கட்டு இரண்டுக்குப் பிள்ளை. முனையை மட்டும் கொம்பு மாதிரி வளைத்துக் கட்டுகிறார், பின்னால் மீன் போட ஒரு குழி. காலை ஊன்றிக் கயிற்றை இழுக்கும்போது கோரை நறநற என்றது. நம் கட்டுமரம்போல இதிலும் ஆணியே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காத அம்மா முக்கால் மணி நேரம் நின்று பார்த்தார். கரையில் மற்ற படகுகளையெல்லாம் நிமிர்த்திச் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள்.

சாப்பாடு சீஃபாவில்தான் முடிந்தது. "சின் போயோ" என்று சொன்ன பிறகும் சூப்பில் ஒரு எலும்பு வந்தது, திருப்பி அனுப்பினோம்.

அப்புறம் நாய். நிலாக் கோயில் மியூசியத்துக்கு வெளியே பெஞ்சில் அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். வீட்டில் நாய் வாசல்படி ஏறினாலே தண்ணீர் தெளிக்கிறவர். நாங்கள் இறங்கி வந்து பார்த்தால், மொழுக்கென்று ஒரு கறுப்பு நாய் அவர் வலது காலோடு ஒட்டிப் படுத்துத் தூங்குகிறது, அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "தள்ளிவிடலாம்னு பார்த்தேன், சூடா இருந்தது" என்றார்.

மறுநாள் லிமாவில் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இடது பக்கம் வலிக்கிறதாம்.